உங்கள் பம்பும் என் மீன்களும்

இன்று காலை உப்பு வாளியின் மூடியைத் திறந்தேன். கடல் மீன் தொட்டிக்கென்று தனியாக வரும் உப்பு அது, கோலமாவு போல் வெள்ளையாக இருக்கும். வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள் பின்னால் வந்து நிற்பது போல் இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன். "ஏனம்மணி, ஊடே கருவாட்டுக் கடையாட்டம் நாறுது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். உப்புக்கு ஏது வாசம், உங்கள் மூக்கில்தான் கோளாறு என்று நானும் அத்தனை முறை சண்டைக்கு நின்றிருப்பேன். இன்றைக்கு எனக்கும் அந்த வாசம் வருகிறது. இத்தனை நாள் வராமல் இருந்ததா, இல்லை உங்களோடு மல்லுக்கு நிற்பதற்காக நான்தான் வரவில்லை என்று சாதித்தேனா, தெரியவில்லை.

முன்பெல்லாம் வீட்டில் எது நடந்தாலும் சாயங்காலம் நீங்கள் பட்டறையிலிருந்து வந்து கை கழுவும்போது சொல்லிவிடுவேன். விரல் இடுக்கில் இருக்கும் கிரீஸ் அவ்வளவு சீக்கிரம் போகாது. நீங்கள் தேய்த்து முடிப்பதற்குள் என் நாள் முழுவதையும் கொட்டிவிடலாம். இப்போது சொல்ல ஆள் இல்லை. எனக்கோ தலை ஒரே குழப்பமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்றுதான் இந்தக் கடிதம்.

மீன்கள் செத்துப்போய்விட்டன. ஒன்றைத் தவிர எல்லாமே.

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபிறகு வீடு வெறிச்சென்று இருந்தபோதுதான் இந்தத் தொட்டி ஆசை வந்தது. ஆர்.எஸ்.புரத்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்குப் பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியில் ஒரு கடல் மீன் தொட்டி உண்டு. ரத்தம் எடுத்து முடித்து, மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்த மாதிரி ஒன்று வீட்டில் வைக்கவேண்டும் என்று உங்களிடம் சொன்னதும் நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "சிறுவாணித் தண்ணியக் குடிச்சுப்போட்டு, வேல மெனக்கெட்டு உப்புத் தண்ணி காச்சறயா? கடல் எங்க கெடக்குது, நாம எங்க கெடக்கறோம்?" என்றீர்கள். ஆனாலும் அடுத்த வாரமே தொட்டிக்கு இரும்பில் தாங்கி அடித்துக்கொண்டு வந்து இறக்கியது நீங்கள்தான். யானையே ஏறி நின்றாலும் ஆடாத தாங்கி. விரல் நீள மீன்களுக்கு எதற்கு இது என்று கேட்டதற்கு, தண்ணீரின் பாரம் எனக்குத் தெரியாது என்று ஒரு பாடம் எடுத்தீர்கள்.

தண்ணீரின் பாரம் உங்களுக்குத் தெரியும்தான். கணபதி பகுதியில் உங்கள் அப்பா காலத்திலிருந்து பம்பு செய்யும் பட்டறை. அன்னூர்ப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், கிணற்றுமேட்டில் ஓடும் மோட்டாரின் சத்தத்தை வைத்தே அது யார் செய்தது, எப்போது பழுது பார்த்தது என்று சொல்லிவிடுவீர்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் பின்கட்டில் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு ஒரு காது கொடுத்திருப்பீர்கள். மனைவி என்ன புடவை கட்டியிருக்கிறாள் என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது.

தொட்டியில் மீன்களை விட்டபிறகு கேலி செய்வதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தீர்கள். மஞ்சளாய்த் தட்டையாய் இருந்ததற்கு மணியகாரர் என்று பேர் வைத்தீர்கள். ஊரைச் சுற்றி வரி வசூலிக்கிற மாதிரி அது பாறையைச் சுற்றிச் சுற்றி வரும். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் ஒரு ஜோடி. அதில் பெண்தான் பெரியது, ஆண் அதன் பின்னாலேயே திரியும். "நம்மூட்டு ஞாயந்தான் இங்கயும் நடக்குது" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். நீலக் குஞ்சு மீன்கள் சில, ஒரு சிவப்பு இறால், கண்ணாடியில் ஊர்ந்து பாசி தின்னும் நத்தைகள். தண்ணீரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருந்த கருவி, லேபில் சிறுநீரின் அடர்த்தி பார்ப்போமே, அதே சாதிதான். அதைத் தெரியாத்தனமாக உங்களிடம் சொல்லிவிட்டேன். தொட்டிக்குள் கையே விடமாட்டேன் என்று ஒரு வாரம் அடம் பிடித்தீர்கள்.

எல்லாவற்றையும் சகித்துக்கொண்ட உங்களுக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்றுதான். தொட்டிக்கு அடியில் இன்னொரு சின்னத் தொட்டி இருக்கிறது. மேலிருந்து தண்ணீர் அதில் வடிந்து, வடிகட்டியைத் தாண்டி, ஒரு பம்பு வழியாகத் திரும்ப மேலே ஏறவேண்டும். அதற்காகக் கடையில் கொடுத்தது முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக். உள்ளே தண்ணீரைத் தள்ளும் விசிறியும் பிளாஸ்டிக். மின்சாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அது கடகடவென்று உதறும், சில நாள் நின்றேபோகும். நீங்கள் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பம்பா? இது பொம்மைக்கு வெக்கறது" என்றீர்கள். "பம்பு ஊர்ல இருந்துட்டு என்ற பொண்டாட்டி இதையா ஓட்டறது? நாளைக்கு நாலு பேரு பாத்தா பட்டறையப் பத்தி என்ன நெனப்பாங்க?" நம் வீட்டு வரவேற்பறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிற அந்த நாலு பேர் யார் என்று நான் கேட்டேன். நீங்கள் அதற்குள் குனிந்து குழாயின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தீர்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் தம்பியும் ஒரு சாக்குப் பையோடு வந்து இறங்கினீர்கள். உள்ளே நீங்களே லேத்தில் நின்று கடைந்து செய்த பம்பு. துருப்பிடிக்காத எஃகில் கூடு, உள்ளே பித்தளை விசிறி. பூஜைக்குத் துலக்கிய விளக்கு மாதிரி அந்த விசிறி மின்னியது. பொருத்தி ஓடவிட்டதும் தண்ணீர் ஒரே சீராக ஏறியது. நீங்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "கை வெச்சுப் பாரு அம்மணி. ஓடறதே தெரியல பாரு" என்றீர்கள். வைத்துப் பார்த்தேன். லேசான ஒரு நடுக்கம் மட்டும். அந்தத் தாங்கியை விட்டால், நம் கல்யாணநாளுக்குக்கூட எனக்காக நீங்கள் எதையும் தேடிப்போய் வாங்கியதில்லை, செய்ததும் இல்லை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை உங்களிடம் சொல்லாமல், தரையெல்லாம் எண்ணெய் என்று திட்டினேன்.

அதற்குப் பிறகு சில வாரம்தான் இருந்தீர்கள்.

பட்டறையில் டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தீர்களாம், அப்படியே சாய்ந்தீர்களாம். உங்கள் தம்பி இதை என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார். வேறெதுவும் சொல்ல அவரிடமும் இல்லை. கொஞ்ச மாதம் முன்புதான் உங்கள் ரத்தத்தை நானே எடுத்து நானே பார்த்தேன். சர்க்கரை, கொழுப்பு, உப்பு, எல்லாம் அளவோடு இருந்தது. ஈ.சி.ஜி.யும் சரியாக இருந்தது. அந்த ரிப்போர்ட்டைப் பட்டறையில் எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டவர்தானே நீங்கள்! அப்படியிருக்க ஏன் என்று டாக்டரைக் கேட்டேன். "சில பேருக்கு இப்படி ஆயிடுதுங்க" என்றார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஒரு பதிலா? லேபுக்கு வருகிறவர்களிடம் நான் இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வர முடியுமா?

பவானி கூடுதுறையில் உங்கள் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்தோம். வந்தவர்கள் எல்லாம் போனார்கள். மகளும் மீன்களுக்கு எவ்வளவு தீனி போடவேண்டும் என்று என்னிடமே ஒப்பித்துவிட்டு பெங்களூருக்கு ரயிலேறினாள். அப்போதுதான் நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழ ஆரம்பித்தன. முதலில் நான் கவனிக்கவே இல்லை. நத்தைதானே, மல்லாந்து விழும், எடுத்து ஒட்டவைத்தால் ஏறும். ஒட்டவைத்தேன், மறுபடியும் விழுந்தது. பிறகு இறாலின் ஓடு ஒன்று மணலில் கிடந்தது. இறால் வளரும்போது சட்டை உரிக்கும், அதுவும் வழக்கம்தான். உரித்த இறால் பாறைக்குள் ஒளிந்திருக்கும் என்று காத்திருந்தேன். அது வரவே இல்லை. அப்புறம் நீலக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்தன. மணியகாரர் ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு ஒரு மூலையில் நின்று வேகவேகமாகச் செவுளை அசைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவரும் இல்லை.

எனக்குத் தெரிந்த வழி சோதித்துப் பார்ப்பது. சின்னக் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை எடுத்து, நிறம் மாற்றும் சொட்டுகளை விட்டு, வந்த நிறத்தை அளவு அட்டையோடு ஒப்பிட்டேன். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா துளியும் இல்லை. உப்பு சரி. காரத்தன்மை சரி. சூடு சரி. எல்லாம் நார்மல். அந்த வார்த்தை மனதில் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எல்லாம் சரியாக இருந்தால் ஏன் சாகவேண்டும்? குழாயைத் தரையில் போட்டு உடைக்கலாமா என்றுகூட இருந்தது. நான் கேட்டது மீனைப் பற்றியா, உங்களைப் பற்றியா என்று எனக்கே அப்போது புரியவில்லை. இப்போதும் முழுசாகப் புரியவில்லை.

அன்னூரிலிருந்து உங்கள் அக்கா வந்து ஒரு வாரம் துணைக்கு இருந்தார். செத்த மீனை நான் வலையில் எடுப்பதைப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரரு போனது அதுகளுக்குத் தெரியாதா கண்ணு? அதுகளும் ஒட்டுக்காப் போகுதுங்க" என்றார். சிரித்து ஒதுக்கவேண்டிய பேச்சு. என்னால் ஒதுக்க முடியவில்லை. நம்பவும் முடியவில்லை. உங்கள் பின்னால் போவதற்கு மீன்களுக்கு இருக்கிற உரிமைகூட எனக்கு இல்லையா என்று அன்றைக்கு ஒரு கோபம் வந்தது பாருங்கள், அந்த அளவுக்கு மண்டை குழம்பிக் கிடந்தேன்.

அப்புறம் என் சந்தேகம் உங்கள் படத்தின் மேல் போனது. மாலை போட்ட உங்கள் படத்தைத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில்தான் மாட்டியிருந்தோம். அதன் முன்னால் அணையாமல் விளக்கு, காலை மாலை ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. தொட்டியில் காற்றுக் குமிழி விடும் கருவி அறையில் இருக்கிற காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது? அத்தனை புகையும் மீன்களின் செவுளுக்குள் போகாதா? உங்களுக்குக் கொளுத்துகிற ஊதுபத்தியே இதுகளைக் கொல்கிறதோ என்று தோன்றிவிட்டது. படத்தைக் கழற்றி உள்ளறையில் கொண்டுபோய் வைத்தேன். அக்காவுக்கு வந்ததே கோபம். "மீனுக்கோசரம் என்ற தம்பிய உள்ள கொண்டி வெச்சுப்போட்டியா?" என்று அழுதார். சரியான கேள்விதான்.  உங்களிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நீங்களே அதைக் கழற்றித் தந்திருப்பீர்கள். ஆனால் வரவேற்பறையில் அந்த இடம் காலியாகத் தெரியும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

புகை நின்றது. சாவு நிற்கவில்லை. கோமாளி ஜோடியில் பெரியது, உங்கள் பாஷையில் வீட்டுக்காரி, தீனியைக் கண்டுகொள்ளாமல் மிதந்து மிதந்து ஒரு மத்தியானம் சாய்ந்துவிட்டது. மிஞ்சியது அந்தச் சின்ன ஆண் ஒன்றுதான். மணலில் வயிற்றைத் தேய்த்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. அதையாவது காப்பாற்றிவிடவேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. நீங்கள் உட்கார்ந்து பார்த்த தொட்டி, அதில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் நான் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும்.

லேபுக்கு லீவு சொல்லிவிட்டு உக்கடத்தில் மீன் வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி என் போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணும் புடிபடலீங்க அக்கா. மேல ஒட்டுண்ணி எதாச்சு இருக்கும். எதுக்கும் இதப் போட்டுப் பாருங்க" என்று ஒரு நீல மருந்தைக் கொடுத்தார். கூட ஒரு சின்னப் பெட்டி, மருந்து தண்ணீரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து பார்க்கும் சொட்டுகள்.

வீட்டுக்கு வந்து, தொட்டியில் ஊற்றுவதற்கு முன் மருந்துப் புட்டியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். எதையும் படிக்காமல் ஊற்றுகிற தொழில் இல்லையே என் தொழில். அதில் இருப்பது செம்பு என்று போட்டிருந்தது. நத்தை, இறால் இருக்கும் தொட்டியில் விடவேண்டாம், அவை முதலில் இறந்துவிடும் என்றும், அளவு மீறினால் மீனும் இறக்கும் என்றும் போட்டிருந்தது.

நத்தை. அப்புறம் இறால். அப்புறம் மீன். நான் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே நின்றேன். மருந்து ஒரு சொட்டுகூட இன்னும் விடவில்லை. ஆனால் அந்த மருந்தை அளவில்லாமல் ஊற்றியிருந்தால் என்ன நடக்குமோ அது என் தொட்டியில் ஏற்கெனவே நடந்துவிட்டது. அந்தச் சொட்டுகளை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் விட்டேன். குழாயின் நிறம் அட்டையில் இருந்த கடைசிக் கட்டத்தையும் தாண்டி அடர்த்தியாக ஏறியது. இத்தனை நாள் நான் பார்த்த சோதனைகள் எதிலும் செம்பு இல்லை. யார் வீட்டுத் தொட்டியில் செம்பு வரப்போகிறது என்று அதைப் பார்க்கவே இல்லை.

எங்கிருந்து வந்தது? தண்ணீர்க் குழாயெல்லாம் பிளாஸ்டிக். பாறை, மணல், விளக்கு என்று ஒவ்வொன்றாய்க் கண்ணை ஓட்டினேன். கண் கீழே இறங்கி உங்கள் பம்பில் போய் நின்றது.

பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும் என்பது எனக்குத் தெரியாதா? ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளியும் உப்பும் போட்டு ரசம் வைத்தால் களிம்பேறி வயிற்றைக் கெடுக்கும் என்று கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு முன்பே என் அம்மாவும் சொல்லியிருந்தார். ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். அப்படியிருந்தும் உப்புத் தண்ணீரில் இரவும் பகலும் சுற்றும் பித்தளையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அது பாத்திரமாக இல்லாமல் பம்பாக இருந்ததாலா? இல்லை, நீங்கள் செய்ததாலா? 

பம்பை நிறுத்திக் கழற்ற எனக்குத் தெரியாது. உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். நீங்கள் போனதிலிருந்து அவர் ஞாயிறு தவறாமல் வந்து அந்தப் பம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தார். என்னிடம் பெரிதாகப் பேசமாட்டார். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், காபி குடிப்பார், "வாரேனுங்க அண்ணி" என்று எழுந்துகொள்வார். நீங்கள் செய்த மற்ற பம்பெல்லாம் யார் யார் தோட்டத்திலோ ஓடுகிறது. அவர் வந்து தொடுவதற்கு மிச்சமிருந்தது இது ஒன்றுதான். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வேலைப் பையோடு ஓடி வந்தார். "என்னாச்சுங்க அண்ணி, சத்தம் போடுதுங்களா?"

"சத்தமெல்லாம் இல்லீங்க தம்பி. அதக் கழட்டோணும்."

"ஏனுங்க? நல்லாத்தானுங்களே ஓடுது?"

சொன்னேன். அவர் நம்பவில்லை. முகம் சிவந்துவிட்டது. "அண்ணன் கையில செஞ்சது அப்படியெல்லாம் ஆகாதுங்க. நம்ம பித்தள விசிறி கெணத்துக்குள்ள வருசக்கணக்கா ஓடுதுங்க. அந்தத் தண்ணியத்தான் ஊரே குடிக்குது. ஆருக்கு என்ன ஆயிப்போச்சு?"

"கெணத்துத் தண்ணி வேறங்க தம்பி. இது கடலு."

அவர் குனிந்து திருகாணிகளைக் கழற்றினார். கூட்டைத் திறந்ததும் இருவரும் பார்த்தோம். மின்னிக்கொண்டு வந்த விசிறி செங்கல் நிறமாய் மங்கி, ஓரமெல்லாம் அரித்து, இடுக்கில் பச்சைக் களிம்பு திட்டுத்திட்டாகப் பூத்திருந்தது. அதைத் துணியால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். துணி பச்சையானது. துணியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"நாங்க உப்புத் தண்ணிக்குச் செஞ்சதே இல்லீங்களே அண்ணி. அண்ணன் கடலையே ரெண்டு தடவதானுங்க பாத்திருக்காரு."

ராமேஸ்வரத்தில் ஒரு தடவை, உங்கள் அப்பாவோடு. கன்னியாகுமரியில் ஒரு தடவை, என்னோடு. கன்னியாகுமரியில் செருப்பு கெட்டுப்போகும் என்று அலையில் கால் வைக்கவே மாட்டேன் என்று கரையில் நின்ற மனிதர் நீங்கள். அதைச் சொன்னேன். உங்கள் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். முகமெல்லாம் பச்சையானது. நானும் அழுதேன். நீங்கள் போனதற்கு அவரும் நானும் ஒன்றாக உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா பிளாஸ்டிக் வெச்சிருப்பாருங்களா தம்பி?" என்று கேட்டேன்.

உண்மையாகவே யோசித்தார். "வெச்சிருக்க மாட்டாருங்க. வேற என்னமாச்சு பண்ணியிருப்பாரு."

நீங்கள் ஏளனம் செய்த அந்தப் பொம்மைப் பம்பைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை உங்கள் குழாயிலேயே பொருத்தினார். அன்றிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் ஊற்றிவருகிறேன். வடிகட்டியில் செம்பை உறிஞ்சும் கரி போட்டிருக்கிறேன். சொட்டு விட்டுப் பார்த்தால் நிறம் வெளுத்துக்கொண்டே வருகிறது. சின்ன மீன் பிழைத்துவிட்டது. நேற்று பாறையை விட்டு வெளியே வந்து என் கையிலிருந்து தீனியைக் கொத்தியது. கடைக்காரத் தம்பி இன்னொரு சங்கதி சொன்னார். ஜோடியில் பெண் செத்துவிட்டால் மிஞ்சிய ஆணே வளர்ந்து பெண்ணாக மாறிவிடுமாம். கேட்டுவிட்டு, இதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று பேருந்தில் வீடு வரும்வரை யோசித்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உங்கள் படத்தைத் திரும்ப அதே சுவரில் மாட்டிவிட்டேன். பம்பு இப்போது பட்டறையில் இருக்கிறது. புது விசிறி போட்டு நல்ல தண்ணீரில் ஓடவிட்டிருக்கிறாராம் உங்கள் தம்பி. அருமையாக ஓடுகிறதாம். அதை அவர் போனில் சொல்லும்போது குரலில் இருந்த பெருமை அப்படியே உங்களுடையது.

காரணம் தெரிந்தால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். மீன்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நிறத்தோடு, அட்டையோடு, பச்சைத் துணியோடு தெரிந்துவிட்டது. ஆனால் உங்களுக்கு? நான் பார்க்காமல் விட்ட ஏதோ ஒரு சோதனையில் நீங்களும் அட்டையின் கடைசிக் கட்டத்தைத் தாண்டி இருந்தீர்களா? லேபில் யாருடைய ரத்தத்தைக் குழாயில் ஏந்தினாலும் இந்த நினைப்பு ஒரு நொடி வந்துவிட்டுத்தான் போகிறது. சில பேருக்கு இப்படி ஆகிவிடும் என்பதை இன்னும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. எனக்காக நீங்கள் ஆசை ஆசையாகச் செய்த பொருளே என் மீன்களைக் கொன்றுவிட்டது. உங்கள் மேல் எனக்கு இதற்காகக் கோபம் வரவேண்டும். வருகிறது. அந்தக் கோபத்தோடு சேர்த்து, தரையில் சம்மணமிட்டு, கை வைத்துப் பார் என்று சொன்ன உங்கள் முகமும் வந்துவிடுகிறது. எதை முதலில் நினைப்பது என்று தெரியாமல் உப்பைக் கலக்கிக்கொண்டே இருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் தண்ணீர், மோட்டார், உலோகம் இவற்றைப் பற்றி நான் சொன்ன எதையும் நீங்கள் காதில் போட்டுக்கொண்டதில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். கடைசியில் நீங்கள் சொன்னதுதான் சரியாகவும் இருந்து தொலைக்கும். இந்த ஒரு தடவை நீங்கள் தப்பு, நான் சரி. கையில் சாட்சி இருக்கிறது, உங்கள் தம்பியே என் கட்சி. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத சண்டை இது. அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் அறை அறையாக நடக்கிறேன். வேறு யாரிடமும் இதைப் போட முடியாது. போட்டாலும் யாருக்கும் உங்கள் மாதிரி முகம் சுருங்காது.

ஏனுங்க, நான் ஜெயிச்சுப்போட்டேனுங்க. ஒருக்கா வந்து தோத்துட்டுப் போங்க.